ஒட்டின பிறகு யார் பார்ப்பது

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நம் தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட் கோபுரத்தின் படத்தைப் போட்டிருந்தார். பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் இதயம் போட்டீர்கள். ‘அந்தக் காலம் திரும்ப வருமா’ என்று ஒருவர் கேட்டார். வராமல் இருக்கட்டும் என்று எழுதிவிட்டு, வயதுக்கு மரியாதை கருதி அழித்தேன். இன்னொருவர் தனியாக எனக்கு எழுதினார்: உங்கள் அண்ணனையும் குழுவில் சேர்த்துவிடுங்கள், அவர் செய்த ஏரோப்ளேனை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

அண்ணனைச் சேர்க்க வழியில்லை. அவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஏரோப்ளேனைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் அதை வெளியிலிருந்துதான் பார்த்தீர்கள். நான் உள்ளேயும் பார்த்தவள். நீளமாகத்தான் இருக்கும். உங்களில் யாருக்கும் இப்போது ஷிஃப்ட் இல்லை, படிக்கலாம்.

நான் எங்கே வேலை பார்த்தேன் என்பது சிலருக்குத் தெரியும். தொழிலாளர் இழப்பீட்டு மனுக்கள் வந்து சேரும் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக நுழைந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் எந்த வாக்கியத்தை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீட்டில் அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அது ஒரு மழைக்காலம். நந்திதுர்க் லைனில் கம்பெனி கொடுத்திருந்த எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு அடுப்படியும். சுவரில் புத்தர் படம். பூமிக்குள் எங்கேயாவது பாறை வெடித்தால் முதலில் அலமாரித் தட்டுகள் பேசும், பிறகு புத்தர் சாய்வார். அம்மா அவரை நேராக்கிவிட்டு, அப்பா எந்த ஷிஃப்ட் என்று மனசுக்குள் கணக்குப் பார்ப்பாள். எல்லா வீட்டுப் பெண்களும் அதே நேரத்தில் அதே கணக்கைப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அப்பா பாறையில் துளை போடும் டிரில்லர். அம்மா ஒரு வெள்ளைக்கார ஆபீசர் பங்களாவில் துணி தேய்த்துக் கொடுப்பாள். அந்தத் துரை குடும்பம் ஊரைக் காலி செய்து சீமைக்குக் கிளம்பியபோது மேசை நாற்காலி எல்லாம் ஏலத்துக்குப் போயின. ஏலத்துக்கு ஆகாதது அம்மாவுக்கு வந்தது. அதில் ஓர் அட்டைப் பெட்டி. மூடியில் நான்கு எஞ்சின் வைத்த பயணிகள் விமானம் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். விமானத்தின் உடம்பு நீளவாக்கில் பிளந்த இரண்டு பாதிகளாக இருந்தது. முகர்ந்தால் மருந்துக் கடை வாசனை. துரையின் மகன் இறக்கைகளை ஒட்டிப் பார்த்து அலுத்துப்போய் விட்டிருந்தான். ஜன்னல் கண்ணாடிகள் இல்லை. உள்ளே தரை இல்லை, ஆசனம் இல்லை. வெறும் ஓடு.

அண்ணனுக்கு அப்போது மீசை அரும்பியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. நான் அவனுக்கு நாலைந்து வயது இளையவள், கணக்கில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டிவிட்டால் அன்றைக்கே விமானம் தயார். நான் அதைத்தான் சொன்னேன்.

“உள்ள ஒண்ணுமே இல்லாம எப்பிடி ஒட்றது?” என்றான்.

“ஒட்டினப்புறம் யாருடா பாக்கப் போறாங்க?” என்றாள் அம்மா.

“ஜன்னல் ஓட்ட கீதே மா. கண்ண வச்சா தெரியும்.”

“கண்ண வக்கறவன் வேல வெட்டி இல்லாதவன்.”

“அந்த வேல வெட்டி இல்லாதவன் நான்தான்” என்று சொல்லிவிட்டு, அன்றே தொடங்கினான்.

தரை போடுவதுதான் முதல் வேலை. என் கணக்குப் புலமையைக் காட்ட வாய்ப்பு. ஸ்கேலை வைத்து உடம்பின் அகலத்தை அளந்து, சோப்பு அட்டையை அதே அளவுக்குக் கத்தரித்துக் கொடுத்தேன். உள்ளே போகவில்லை. ஓரத்தை வெட்டினேன். போயிற்று, ஆனால் மூக்குப் பக்கம் இடித்துக்கொண்டு வால் பக்கம் ஆடியது. அண்ணன் சிரித்தான்.

“செவுரு தடிப்ப யாரு கழிக்கிறது பாப்பா? வெளிய அளந்தா உள்ள நெறைய எடம் கீறா மாதிரிதான் தெரியும்.”

அவன் அளக்கவே இல்லை. விளக்குக் கரியை விரலில் எடுத்து ஓட்டின் உள்சுவரில் தரை வரவேண்டிய உயரத்தில் லேசாகத் தடவினான். அட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி உள்ளே அழுத்தி எடுத்தான். எங்கே கரி ஒட்டியதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் பிளேடால் ஒரு மயிரிழை சீவுவான். மறுபடி அழுத்துவான். மறுபடி கரி. இப்படியே போய், ஓரம் முழுக்கச் சமமாகக் கரி பட்ட அன்று அட்டை உள்ளே உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. பசையே போடவில்லை. அவன் ஓட்டை என் காதோரம் வைத்துக் குலுக்கிக் காட்டினான். ஒரு சத்தமும் இல்லை.

எவ்வளவோ சான்றிதழ்களைப் பிறகு பார்த்திருக்கிறேன். ஒருவனுக்கு ஒரு வேலை வரும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி எதையும் பார்க்கவில்லை.

தரைக்கு மேலே என்ன வைப்பது என்பது அடுத்த சிக்கல். எங்கள் லைனில் ஒருவரும் விமானத்துக்குள் போனதில்லை. பங்காருபேட்டை ரயிலுக்குள் போனவர்களே தங்களைப் பெரிய பயணிகளாக நினைத்துக்கொண்டிருந்த காலம். அண்ணன் அப்பாவிடம் கேட்டான். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து, ஓட்டின் ஒரு பாதியைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆளுங்கள ஏத்தினு போற வண்டி எல்லாம் ஒண்ணுதான். நின்னுகினு போவாங்க. தலைக்கு மேல கம்பி இருக்கணும், புடிச்சிக்க. கதவு வெளிய இருந்துதான் பூட்டணும். உள்ள கீறவன் தொறக்கக் கூடாது.”

“ஏன் நைனா?”

“பயந்து தொறந்துட்டா?”

அவருக்குத் தெரிந்த வண்டி கேஜ் ஒன்றுதான். ஷாஃப்டில் ஆட்களை இறக்கி ஏற்றும் அந்த இரும்புக் கூண்டையே அவர் விமானத்துக்குள் வரைந்து கொடுத்தார். நாங்களும் அப்படியே செய்தோம். தலைக்கு மேலே நீளமாக ஒரு கம்பி. துடைப்பக் குச்சியைச் சீவி, அலுமினியத் தாள் சுற்றியது. கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். பைலட் பக்கத்தில் மணி அடிக்க ஒரு நூல். இறக்க இத்தனை, ஏற்ற இத்தனை என்று அப்பா சிக்னலும் சொல்லிக் கொடுத்தார். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானத்துக்குள் ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூட்டப்பட்டு, தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். பிற்பாடு அலுவல் விஷயமாக டெல்லிக்குப் போனபோதுதான் நான் உண்மையான விமானத்துக்குள் ஏறினேன். ஆசனங்களைப் பார்த்து எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அப்பா அன்று வரைந்து முடிக்கும் முன் நான்கு தடவை நிறுத்தி இருமினார்.

இனி யூனியன் மாமாவைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவைத் தங்கச்சி என்பார், அப்பாவை மச்சான் என்பார். நாங்கள் மாமா என்றோம். அவர்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு பங்காருபேட்டையில் ஒரு தனியார் டாக்டரிடம் போய் நெஞ்சைப் படம் எடுத்து வந்தார். டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை. சிலிகோசிஸ். லைனில் அதற்கு ‘டஸ்ட்’ என்று பெயர். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து, நுரையீரலே மெல்லப் பாறையாகிவிடுவது.

படம் ஒரு பழுப்பு உறையில் வீட்டுக்கு வந்தது. அன்று நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓர் அறை வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியாமல் பேச முடியாது.

“இத்த வச்சி மனு போடு மச்சான். உள்ள எறங்க லாயக்கில்லன்னு சொல்லி மேல ஏத்திடுவாங்க. நஷ்டஈடு குடுப்பாங்க. அத்த வச்சி பங்காருபேட்டையில ஒரு ரூம் புடி. பையன இன்ஜினியரிங் ஃபேக்டரி டிரெய்னிங் ஸ்கூல்ல சேத்து வுடு. அவன் கைக்கு ஃபிட்டர் வேல கண்ண மூடினு கெடைக்கும்.”

“லைன் வீடு பூடும்” என்றார் அப்பா.

“பூட்டும். இன்னா இப்போ? அரண்மனையா?”

“நஷ்டஈடு எப்ப வரும்? வந்தா எத்தினி நாளு வரும்? ஸ்கூல்ல எடம் குடுப்பானா மாட்டானா? அதெல்லாம் ஆகாசத்துல கீது. என் எடம் கீழ கீது. அது நிச்சயம். பையனுக்கு இன்னும் வயசு வரல. வர வரைக்கும் நான் எறங்கினா, எனக்கு எது ஆனாலும் என் எடம் அவனுக்கு.”

“ஒனக்கு எது ஆனாலும்னா இன்னாய்யா அர்த்தம்?” என்றாள் அம்மா.

அப்பா பழுப்பு உறையை எடுத்து ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் செருகினார். அம்மா பிறகு, “அவன் கீழ எறங்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான். மனு போடுங்க” என்றாள். அண்ணன் தலை குனிந்து எதையோ சீவிக்கொண்டிருந்தான்.

வேலையில் இருக்கும்போது செத்தால் மகனுக்கு அந்த இடம் என்பது விதி அல்ல, வழக்கம். அதை எழுதி எங்கும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் எழுதி ஒட்டிய விதிகளைவிட அந்த வழக்கத்தைத்தான் லைன் முழுக்க நம்பியது. அப்பா சொன்னதில் பிசகு இல்லை; அவருக்குத் தெரிந்த கணக்கில் அது சரியான விடை. மனுவை எழுதித் தயார் செய்கிறேன், படத்தைப் பத்திரமாக வை என்று சொல்லிவிட்டு மாமா போனார்.

அந்த மழையில் அட்டைத் தரை ஊறிவிட்டது. ஓரங்கள் உப்பி, ஓட்டுக்குள் இறங்க மறுத்தது. பிளாஸ்டிக் துண்டுகளைப் பெயின்ட் தின்னரில் கரைத்துத்தான் பசை செய்தோம். அது பட்டதும் அட்டை இன்னும் சுருண்டது. மெல்லிய பிளாஸ்டிக் தகடு வேண்டும் என்றான் அண்ணன். தரைக்கும் தடுப்புச் சுவருக்கும் அது போதும், ஜன்னல் கண்ணாடிக்கும் ஆகும்.

லைனில் அப்படிப்பட்ட தகடு ஒன்றுதான் உண்டு. உங்களுக்கு நினைவிருக்கும். பழைய எக்ஸ்ரே படத்தை யாரும் எறிந்ததில்லை. சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் வழிந்துபோய், லேசான நீல நிறத்தில் கண்ணாடி மாதிரி தகடு வரும். அதை ஜன்னலில் அடிப்போம், லாந்தரின் உடைந்த பக்கத்தில் வைப்போம், சாமி படத்துக்கு முன்னால் மாட்டுவோம். யார் யாருடைய நெஞ்சு வழியாகவோதான் நம் வீடுகளுக்கு வெயில் வந்தது. அதை யாரும் அப்படி யோசித்ததில்லை.

ஒரு பௌர்ணமி. அம்மா விகாரைக்குப் போயிருந்தாள். அப்பா ட்ரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து பழுப்பு உறையை எடுத்து, படத்தை உருவி, அண்ணனிடம் நீட்டினார்.

“இது ஆவுமா பாரு.”

அண்ணன் வாங்கவில்லை. “இது மாமா பத்திரமா வைக்கச் சொன்னது நைனா.”

“டாக்டரு பாத்துட்டாரு இல்ல. பாத்த படத்த இன்னாத்துக்கு வச்சிகினு?”

நான் அதைப் பிடுங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விலா எலும்புகள் ஏணி மாதிரி இருந்தன. இரண்டு பக்கமும் கறுப்பில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

“நைனா, ரவ மாதிரி இன்னா கீது?”

“படம் புடிக்கிற கண்ணாடியில தூசி” என்றார்.

என் கையிலிருந்து வாங்கிப் போய் சோடாத் தண்ணீர் வாளியில் அவரே முக்கினார். அவரே தேங்காய் நாரால் தேய்த்தார். கறுப்பு கூழ்கூழாக உரிந்து சாக்கடையில் ஓடியது. அண்ணன் சும்மா நின்றான். தேய்த்து முடித்ததும் அப்பா தகட்டை உதறி, வெளிச்சத்தில் காட்டி, அதற்குள் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் அப்பா போல யாருக்கு அப்பா என்று நினைத்தேன்.

அந்தத் தகட்டில் அண்ணன் செய்த உள்பாகங்களைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. அட்டையில் சரிபார்த்த வடிவத்தைத் தகட்டின் மேல் வைத்து ஊசியால் கீறி, கீறலில் மடித்து உடைப்பான். ஓரத்தைச் சிமென்ட் தரையில் தண்ணீர் விட்டு உரசுவான். கரி வைத்துப் பார்ப்பான். தரை, முன் தடுப்பு, பின் தடுப்பு, ஒரு நூல் தடிமனுக்குக்கூட இடைவெளி இல்லாமல் ஜன்னல்கள். இரண்டு பாதியையும் மூடியபோது சின்னதாக ஒரு காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. சேர்ந்த கோட்டை உரசி உரசி அழித்தான். பிறகுதான் நீங்கள் எல்லோரும் வந்து பார்த்தீர்கள். வெளியே பார்த்து, இறக்கையைத் தொட்டுவிட்டுப் போனீர்கள்.

மாமா மனுவோடு வந்தது அதற்குப் பிறகு.

“படத்தக் குடு மச்சான், நாளைக்கே வச்சிடலாம்.”

அப்பா விமானத்தைக் காட்டினார். “பசங்க வெளாட எடுத்துட்டானுங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

மாமா புரியாமல் பார்த்தார். அம்மாவுக்கு முதலில் புரிந்துவிட்டது. அவள் அடுப்படியிலிருந்து வந்து அண்ணனை அறைந்தாள். அவளுக்குக் கை வலித்திருக்கும், அப்படி ஓர் அறை. “ஒனக்காகத்தானேடா அந்தப் படம்! ஒனக்காகத்தானே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா எழுந்து வந்து தானும் ஓர் அடி வைத்தார். அது வலித்திருக்காது. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தான்.

“இன்னா பையன் பெத்து வச்சிருக்க மச்சான்” என்றார் மாமா. “அப்பன் நெஞ்சக் கழுவி ஏரோப்ளேன் பண்ணிகீறான்.” மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னொரு படம் எடுக்கலாம் என்றார். அப்பா சரி என்றார். அடுத்த வாரம் என்றார், அடுத்த மாசம் என்றார். அவர் போகவே இல்லை.

அண்ணனுக்கு வயது வந்தது. அப்பா அதற்காகவே காத்திருந்தவர் போல, அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒரு ஷிஃப்டுக்கும் மறு ஷிஃப்டுக்கும் இடையில் ஆஸ்பத்திரியில் இறந்தார். சான்றிதழில் காசநோய் என்று இருந்தது. இருமி இறந்தவர்களுக்கு அப்படி எழுதுவது அன்று சுலபம். உடம்பைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். கேட்டால் செய்வார்கள், நுரையீரலைச் சோதனைக்கு அனுப்புவார்கள். பின்னாளில் எத்தனையோ விதவைகளுக்கு அந்த யோசனையை நானே சொல்லியிருக்கிறேன். என் அம்மாவுக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை. மாமாவுக்கு அது தோன்றியபோது அப்பாவை எரித்தாகிவிட்டது.

இருந்தாலும் மாமா மனு போட்டார். அம்மாவின் பிடிவாதம். நஷ்டஈடு கிடைத்தால் பங்காருபேட்டையில் அறை, அண்ணனுக்கு டிரெய்னிங் ஸ்கூல். கிடைக்காவிட்டால் லைன் வீடு நிலைக்க ஒரே வழி, அப்பாவின் இடத்தில் அண்ணன் இறங்குவது. அதற்கு அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. கோலாரில் விசாரணை நாள் வரும்வரை அம்மா அதைத் தள்ளிப்போட்டு வைத்திருந்தாள்.

கோலாருக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம். அம்மா மடியில் ஓர் அரிசிப் பை. உள்ளே விமானம்.

“இது இன்னாத்துக்கு தங்கச்சி?” என்றார் மாமா பஸ்ஸில்.

“கழுவிட்டா பூடுமா அண்ணா? ஒரு தடம் கூடவா இல்லாம பூடும்? அவங்க படிச்சவங்க, பாத்தா தெரியும்.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனுவை விசாரித்த அதிகாரி கெட்டவர் அல்ல. இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்து சொல்கிறேன். எல்லாவற்றையும் கேட்டார். பங்காருபேட்டை டாக்டர் எங்கே என்று கேட்டார். அவர் கிளினிக்கை மூடிக்கொண்டு எந்த ஊருக்கோ போய்விட்டிருந்தார். பிரதி உண்டா என்று கேட்டார், இல்லை. படம் எங்கே என்று கேட்டார்.

அம்மா விமானத்தை மேசை மேல் வைத்தாள். “இதுக்குள்ள கீது சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு ஜன்னலில் கண் வைத்துப் பார்த்தார். உள்ளே கம்பியைப் பார்த்திருப்பார். மணி நூலைப் பார்த்திருப்பார். ஓட்டைத் திருப்பித் திருப்பிச் சேர்ந்த இடத்தைத் தேடினார்.

“யார் செய்தது?”

“என் பையன் சார்.”

“எப்படி உள்ளே போச்சு?”

“மூடறதுக்கு முன்னால சார்” என்றான் அண்ணன்.

“திறக்க முடியுமா?”

அண்ணன் பிளேடைக் கோட்டில் ஓட்டினான். திறக்கவில்லை. அவனுடைய வேலை அப்படி. கொஞ்ச நேரம் விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பிறகு அதை மேசை விளிம்பில் ஓங்கி அடித்தான். எழுத்தர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடு உடைந்தும் தரை அதைவிட்டு வரவில்லை. சில்லுகளோடுதான் பெயர்ந்து வந்தது. அதிகாரி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லேசான நீலம். அந்தப் பக்கம் கோலார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ரோடு தெளிவாகத் தெரிந்தது. அவர் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதை யார் கழுவினது?”

அம்மா அண்ணனைக் காட்டினாள். “சின்னப் பையன் சார் அப்போ. தெரியாமப் பண்ணிட்டான்.”

“நீயாப்பா?”

நான் அண்ணன் பக்கத்தில் நின்றேன். இந்தத் தடவை அவன் என் காலை மிதிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், எலும்பு வலிக்க.

“ஆமா சார். நான்தான்.”

அவன் சொன்னது சட்டப்படி புத்திசாலித்தனம் என்பது எனக்கு அப்படிப்பட்ட ஓர் அதிகாரியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. நோய் தெரிந்தே தொழிலாளி அத்தாட்சியை அழித்தார் என்று பதிவானால் மனு அங்கேயே செத்திருக்கும். மகன் விளையாட்டுப் புத்தியில் அழித்தான் என்றால் இரக்கத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு. அண்ணன் சட்டம் படித்தவன் அல்ல. சட்டத்துக்காக அதைச் சொன்னானா, அப்பாவுக்காகச் சொன்னானா என்று நான் அவனிடம் கேட்டதில்லை.

இரக்கம் போதவில்லை. ‘நோயை நிறுவும் சான்று எதுவும் முன்வைக்கப்படவில்லை’ என்று அதிகாரி எழுதினார். இணைப்பு இல்லாத மனுவுக்கு எழுத வேண்டிய வாக்கியம் அதுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். எழுதியும் இருக்கிறேன், எத்தனையோ பேருக்கு, நல்ல கையெழுத்தில்.

எழுந்து வரும்போது அவர் அண்ணனைக் கூப்பிட்டு, “நல்ல கை உனக்கு. எங்கேயாவது டிரெய்னிங் சேர்ந்துக்கோ” என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

அந்த வாரமே அண்ணன் வேலைக்கு முன் செய்யும் மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். ஆள் எடுப்பதற்கு முன் நெஞ்சைப் படம் எடுப்பார்கள். நெஞ்சில் ஏதாவது இருந்தால் கீழே அனுப்பமாட்டார்கள், மேலேயே ஏதாவது வேலை கொடுப்பார்கள். அதுவும் வழக்கம்தான். அம்மா கூடவே வந்தாள், என்னையும் கூட்டிக்கொண்டு. வளர்ந்த பையனோடு அம்மா வந்திருப்பதைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இன்னாடா, பால் புட்டி எடுத்தாந்தியா?” என்றான் ஒருவன்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அண்ணனின் முழங்கையைப் பிடித்து, மெதுவாக, “டேய், இருமுடா” என்றாள்.

“இன்னாமா?”

“டாக்டரு கிட்ட போனதும் இருமு.”

“வரலமா.”

“வர வை.”

உள்ளே போனபோது அண்ணன் இருமினான். பாவம், அவனுக்கு நடிக்க வரவில்லை. டாக்டர் புன்னகைத்துக்கொண்டே ஈரம் காயாத படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இளம் டாக்டர், நம் பக்கத்து ஆள்தான். நெஞ்சைத் தட்டினார், மூச்சை இழுக்கச் சொன்னார்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். “நாளைக்கே எறங்கலாம்.”

“நல்லாப் பாருங்க சார்” என்றாள் அம்மா.

“பாத்துட்டேம்மா. சுத்தமா கீது.”

“அவங்கப்பாவுக்கு இருந்திச்சி சார். இவனுக்கும் இருக்கும். எங்கனா ஒரு புள்ளி கீதான்னு பாருங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

“ஒரு புள்ளியும் இல்ல.”

“இன்னொரு வாட்டி சார். உங்க கால்ல வுழறேன்.”

டாக்டரின் முகம் இளகியது. அவர் நல்லவர். படத்தைத் திரும்ப மாட்டி, அம்மாவைப் பக்கத்தில் அழைத்து, ஒவ்வொரு விலாவாகப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். இங்கே இல்லை, இங்கே இல்லை, இங்கேயும் இல்லை. அம்மா பென்சில் போன இடமெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள். கடைசி விலா முடிந்த பிறகும் அவள் நிமிரவில்லை.

டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்.

“எத்தினியோ பேர் வர்றாங்க. புள்ள மேல இவ்ளோ அக்கறையா யாரும் வந்து கேட்டதில்ல தம்பி. குடுத்து வச்சவன் நீ.”

“ஆமா சார்” என்றான் அண்ணன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே.